இடைவேளைக்கு நின்றவள்

என் கால்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவை என் கால்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு கொலுசு விளம்பரத்தில் பளிங்குத் தரையில் நடந்து போவது நான். குதிகால் வெடிப்புக்கான களிம்பு விளம்பரத்தில் ‘பூசிய பிறகு’ என்று காட்டுவது என் குதிகாலை. ‘பூசும் முன்’ என்று காட்டுவதும் என் குதிகாலைத்தான். இத்தனை வருஷம் பாலே ஆடியவளுக்கு அதற்கென்று தனியாக மேக்கப் தேவைப்படவில்லை. சினிமாவில் நாயகி சுழல்வாள், பாய்வாள், ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்குவாள். அதுவரை நான். காமிரா முகத்துக்கு வந்ததும் வேறொருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். மூச்சு வாங்குவதை மட்டும் எல்லா நாயகிகளும் பிரமாதமாகச் செய்தார்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்று அந்தந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்லி வைத்திருப்பதால் இதில் யார் பெயரும் வராது. என் பெயரும் வராது. எனக்கு அது பழகிவிட்டது.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் எதற்காக பாலே கற்றுக்கொண்டாள் என்று பேட்டிகளில் கேட்பார்கள் என நினைத்து ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பேட்டி எடுக்க ஒருவரும் வரவில்லை. ஆகவே பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்: தோசை மாவு. என் அம்மா வீட்டில் கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்கிறாள். இங்குள்ள மலையாளி வீடுகளில் தோசை மேல் பிரியம் உண்டு, அரிசி ஊறப்போடும் பொறுமை கிடையாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. அப்பா கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருந்தார். ஓய்வு பெற்ற பின் டிவிப் பிரிவுக்கு மாறிவிட்டார்.

அப்போது ஒரு வெள்ளைக்காரி, சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியை வாடகைக்கு எடுத்து பாலே பள்ளி திறந்தாள். கொச்சி முழுவதும் கலைத் தாகத்தோடு வரிசையில் நிற்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்தது இரண்டு குழந்தைகள், அதில் ஒன்று அழுதுகொண்டே வந்தது. அம்மாவிடம் மாவு வாங்க வந்தவள், கிரைண்டர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, வகுப்பு காலியாகத் தெரிகிறது, இவளைச் சும்மா அனுப்பி வையுங்கள் என்று கேட்டாள். மாலையில் பிள்ளை காலைச் சுற்றாமல் இருக்கும் என்று அம்மா சம்மதித்தாள். இப்படியாக நான் கலைக்கு அர்ப்பணிக்கப்பட்டேன். சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டே, முதுகை நிமிர்த்தி, முகவாயை உயர்த்தி, வலிக்கும்போது சிரிக்கக் கற்றுக்கொண்டேன். பல வருஷம் கழித்து அவள் ஊரைவிட்டுப் போனபோது, எனக்கு ஏதோ பெரிய உண்மையைச் சொல்லிவிட்டுப் போனாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு வா என்றுதான் சொன்னாள்.

என்னிடம் மிஞ்சியது ஒரு பெட்டி ஷூ. பாலேக்காரி விரல் நுனியில் நிற்பதற்குப் போடும் ஷூவின் முனை, துணியும் பசையும் வைத்து இறுக்கியது. கொச்சியின் ஈரக்காற்றில் அது ஒரே வாரத்தில் நனைந்த பன் மாதிரி ஆகிவிடும். நான் அவற்றை ஃபிரிட்ஜின் மேல் வைத்து உலர்த்துவேன். மாவு வாங்க வருகிறவர்கள் அது என்ன பலகாரம் என்று கேட்பார்கள்.

ஷூ இருக்கிறது, ஆட்டமும் தெரியும், ஆட இடம் எங்கே? கேரளத்தில் கோயில் திருவிழாக்களுக்கு மேடை போட்டு ஆடும் புராண நடன நாடகத்துக்கு பாலே என்று பெயர். வண்ணத் திரை, புகை, வாள் சண்டை, நிறையப் பாட்டு. நான் படித்தது வேறு, இது வேறு என்று விளக்கிச் சொல்லலாம் என்றுதான் ஒரு குழுவின் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் விளக்கம் கேட்கிற ஆளாக இல்லை. அவருக்கு வேறு கவலை. தேவலோகத்தார் எல்லாரும் ஆகாயத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். போன திருவிழாவில் கயிறு கட்டி இறக்கிய இந்திரன் பாதி வழியில் நின்றுவிட்டாராம், கமிட்டிக்காரர்கள் ஏணி கொண்டுவந்திருக்கிறார்கள். நான் தரை தொடும் பாவாடை கட்டி, விரல் நுனியில் பொடிப்பொடியாக அடி வைத்து மேடையின் குறுக்கே ஒருமுறை போய்க் காட்டினேன். கால் தெரியாது, ஆள் மட்டும் மிதந்து போவது போலிருக்கும். முதலாளி கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் யார் பறந்தாலும் நான்தான். மோகினி, ரம்பை, கங்கை, சாதாரண மேகம், ஒரு வருஷம் கருடன்கூட.

வசனம், பாட்டு எல்லாம் முன்பே பதிவு செய்தது. நாங்கள் மேடையில் வாயசைத்தால் போதும். எனக்குக் குரல் கொடுத்தவளை நான் பார்த்ததே இல்லை. ஜலதோஷம் பிடித்த நாளில் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள். அத்தனை வருஷமும் என் கங்கை மூக்கடைப்போடுதான் பூமிக்கு இறங்கினாள். பகீரதன் தவம் செய்ததற்கு இதுதான் பலனா என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளியிடம் ஒரு சட்டம் இருந்தது. மின்சாரம் போய் ஒலி நின்றால், மேடையில் யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே சிலையாக நிற்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடி, பாட்டு விட்ட இடத்திலிருந்து எடுக்கும்வரை கண் இமைகூட அசையக் கூடாது. ஒருவர் அசைந்தாலும் ஜனங்கள் ஆட்டம் முடிந்தது என்று எண்ணி சாயா குடிக்கப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவது சந்தேகம். நாற்காலி காலியானால் கமிட்டியின் முகம் மாறும். எனவே வாளை ஓங்கியவன் ஓங்கியபடியே, அழுகிறவள் அழுதபடியே நிற்போம். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அரக்கனின் மூக்கில் கொசு உட்காரும். அவன் அசைய மாட்டான். என்னுடைய பயிற்சிக்கு அது ஏற்ற சட்டம். புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டித்தான் நிற்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நாளடைவில் ஒலி நின்றால் உடம்பு தானாக உறைந்துவிடும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் அப்பா டிவியை அணைத்தால்கூட, அடுப்படியில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் கரண்டியை எடுப்பேன்.

திருவிழாக் காலம் முடிந்து மழை வந்துவிட்டால் பாலே கிடையாது. அப்போதுதான் விளம்பரமும் சினிமாவும். நாயகிக்குப் பதில் ஆடுவதற்கு ஆள் வேண்டும் என்று கூப்பிடுவார்கள், போவேன், முதுகைக் காட்டிவிட்டு வருவேன். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“ஏடி, இதுல உன் மூஞ்சி வருமா?”

வராது என்பேன். பின்னே எதுக்குடி இத்தனை தூரம் போறே என்று கேட்டுவிட்டு உளுந்தைக் களையப் போய்விடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாவு வாங்க வருகிறவர்களிடம் என் மகள் சினிமாவில் இருக்கிறாள் என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் எந்தப் படம் என்று கேட்பார்கள். சொல்வாள். பார்த்துவிட்டு வந்து, காணவில்லையே சேச்சி என்பார்கள். சுள்ளிக்கல்லிலிருந்து வரும் ஒரு அம்மாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பரிதாபப்பட்டு, வெட்டியிருப்பார்கள், எடிட்டிங்கில் அப்படித்தான், என் மருமகன் சொன்னான் என்று ஆறுதல் சொல்வாள். அந்த ஆறுதல்தான் அம்மாவுக்குப் பொறுக்காது. மாவில் உப்பு குறைந்தது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் இடது மூட்டு வேலையை ராஜினாமா செய்யப்போவதாக அறிவித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வேறு என்ன தொழில் தெரியும் என்று கேட்டார். கங்கை என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். சரியாக அந்த நேரத்தில்தான் பாலே ஆடும் பெண்ணைப் பற்றியே ஒரு படம் எடுக்கிறோம் என்று அழைப்பு வந்தது. நாயகி கொச்சியில் வளர்ந்த ஏழைப் பெண், தடைகளை எல்லாம் தாண்டி பாலே கற்றுக்கொள்கிறாள். கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஏழைப் பெண்ணாக நடிக்க மும்பையிலிருந்து ஒருத்தி வருவாள், அவளுக்குப் பதில் ஆட மட்டாஞ்சேரியிலிருந்து நான் போக வேண்டும்.

இது கடைசிப் படம் என்று எனக்குத் தெரியும். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டேன். என்னைவிட வயதில் சிறிய டைரக்டர், என்னை சேச்சி என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் சொல்வதை எல்லாம் ஆடுகிறேன், நாயகியின் முகத்தை என் உடம்பில் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், எனக்கு என் முகத்தோடு ஒரே ஒரு ஷாட் வேண்டும், அம்மாவுக்குக் காட்டுவதற்கு என்றேன். அவர் மனசு இளகினார். ஒத்திகைக் கூடக் காட்சியில் நாயகிக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள், இரண்டாம் வரிசையில் ஓரத்தில் நில்லுங்கள் சேச்சி, அதில் உங்கள் முகம் வரும் என்றார். ஓரம் என்றாலும் முகம் முகம்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

படப்பிடிப்பு வெலிங்டன் தீவில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில். இந்த ஊரில் பாலேக்கும் கிடங்குக்கும் ஏதோ உறவு இருக்கிறது. நாயகிக்காக ஆடும் நாட்களில் என் முகம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டுவார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பொருத்துவதற்காம். புள்ளிகளோடு சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறுகிற ஆள், அம்மை போட்டவளுக்குப் போடுவது போல் எட்ட நின்று சாம்பார் ஊற்றுவான். நாயகி நல்ல பெண். அதுதான் எரிச்சல், வாயாரத் திட்டவும் முடியவில்லை. என் மூட்டுக்கு ஐஸ் கட்டி எடுத்து வந்து தருவாள். சேச்சி, உங்களுக்கு நான் முகம் கொடுக்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்வாள். அவள் அதை நல்ல மனசோடுதான் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் ஷாட்டுக்கான நாள் வந்தது. அன்று புள்ளி கிடையாது. மேக்கப்காரர் என் முகத்தில் பவுடர் போட வந்தபோது, இத்தனை நாளாக இந்த முகம் எங்கே இருந்தது என்று கேட்டார். கழுத்துக்கு மேலேதான் என்றேன். எல்லாருக்கும் ஒரே கறுப்பு உடை, ஒரே கொண்டை. முன் வரிசை நடுவில் நாயகி, இரண்டாம் வரிசை ஓரத்தில் நான். பாட்டு ஓடியது. ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டி, கையை முன்னால் கொண்டுபோகும் இடம் வந்தது. அந்த இடத்தில் மின்சாரம் போய்விட்டது.

பாட்டு நின்றது. மேலே கண்ணாடி ஓடுகள் வழியாக வந்த பகல் வெளிச்சம் மட்டும் மிச்சம். மற்ற பெண்கள் எல்லாரும் ‘ஓ’ என்று காலைக் கீழே போட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கேட்டாள். ஒருத்தி கொண்டை ஊசியைச் சரிசெய்தாள். நாயகி முதுகைச் சொறிந்துகொண்டே கேரவன் இருந்த திசையைப் பார்த்தாள். நான் நின்றேன். நிற்க வேண்டும் என்று யோசித்து நிற்கவில்லை. ஒலி நின்றது, உடம்பு நின்றது, அவ்வளவுதான். பாட்டு வரும், விட்ட இடத்திலிருந்து எடுக்கும், அதுவரை அசைந்தால் ஜனங்கள் சாயா குடிக்கப் போய்விடுவார்கள். அங்கே ஜனங்களே இல்லை என்பது மண்டைக்கு உறைக்கவில்லை. மூட்டுக்குள் யாரோ திருப்புளியைத் திருகுவது போலிருந்தது. வலிக்கும்போது எப்படிச் சிரிப்பது என்பது தெரியும், சிரிக்கவும் இல்லை. எதிரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காமிரா பேட்டரியில் ஓடுவது. அதை யாரும் நிறுத்தவில்லை. டைரக்டர் கட் சொல்லவும் இல்லை. கடைசியில் மின்சாரம் வந்து பாட்டு கரகரத்தபோது நான் அடுத்த அடியை எடுத்து வைத்தேன், தனியாக. அப்போதுதான் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. டைரக்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. உலகமே கலைந்து போகிறது, ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருக்கிறாள், எனக்கு வேண்டிய படமே இதுதான் சேச்சி என்றார். இடைவேளைக்கு என்ன காட்சி வைப்பது என்று தெரியாமல் மாசக்கணக்கில் தூங்கவில்லையாம். இதுதான் இடைவேளை ஷாட் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். கைதட்டினார்கள். நாயகியும் தட்டினாள்.

அன்று நான் வீட்டுக்குப் பஸ்ஸில் வரவில்லை, மிதந்து வந்தேன் என்று சொன்னால் என் தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கும். அம்மாவிடம், இரண்டாம் வரிசை ஓரம் போய்விட்டது, இப்போது திரை முழுக்க நான்தான், என் மூஞ்சியைக் காட்டிவிட்டுத்தான் இடைவேளை என்று போடுவார்கள் என்று சொன்னேன். மறுநாள் காலை மாவு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘இடைவேளைக்கு முன்னாடி கண்ணை எடுக்காம பாக்கணும் கேட்டோ’ என்று அவள் சொல்வதை உள்ளே இருந்து கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி இருந்ததில்லை.

இரண்டு மாசம் கழித்து, களமசேரிப் பக்கம் அவர்களுடைய எடிட்டிங் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் மிகவும் பெருமையாக அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டினான். கிடங்கு, பகல் வெளிச்சம், கலைந்து போகும் பெண்கள். முன் வரிசையில் முதுகு சொறிந்த நாயகியைச் சுத்தமாக அழித்திருந்தார்கள். இரண்டாம் வரிசை ஓரத்தில், ஒற்றைக் காலில், என் கை, என் முதுகு, என் மூட்டின் நடுக்கம், அதற்கு மேலே அவள் முகம். நாயகியை அழித்துவிட்டு, என் மேல் நாயகியை ஒட்டியிருந்தார்கள். புள்ளிகூடத் தேவைப்படவில்லை சேச்சி, இப்போது சாஃப்ட்வேர் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது என்றான் பையன். பாராட்டை எதிர்பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இது என் ஷாட் ஆயிற்றே என்றேன் டைரக்டரிடம். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“சேச்சி, கதை அவளோட கதை. அந்த இடத்துல வேற ஒருத்தர் நின்னா ஜனங்க குழம்பிருவாங்க. சத்தியமா சொல்றேன், இது இவ்வளவு நல்லா வரலேன்னா உங்களுக்கே விட்டிருப்பேன்.”

கேவலமாக நின்றிருந்தால் என் முகம் தப்பியிருக்கும். அத்தனை வருஷம் கற்றுக்கொண்டதன் சாரத்தை யாரும் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை. இரண்டாம் வரிசை ஓரமாவது வேறு எங்காவது உண்டா என்று கேட்டேன். அந்தக் காட்சியில் மிச்சத்தை எல்லாம் வெட்டியாயிற்று. அடுத்த படத்தில் நாயகிக்கு நடனம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு என்னைத்தான் வைக்கப்போவதாகச் சொன்னார். மூட்டு போனவளுக்கு வேறு வழி ஏது? கூடவே, இந்த ஷாட் விஷயம் வெளியே போக வேண்டாம், நாயகி தானே மாசக்கணக்கில் பயிற்சி எடுத்து நின்றதாகச் சொல்லப்போகிறாள், அதுதான் படத்துக்கு விளம்பரம் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போவேன். அங்கே அவள் யாரிடமாவது இடைவேளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். நானும் அப்படியே திரும்பி வந்துவிடுவேன். நாயகியின் பேட்டிகள் போனில் வந்துகொண்டே இருந்தன. ஒற்றைக் காலில் நின்றபோது தியானம் போல உணர்ந்ததாக ஒன்றில் சொல்லியிருந்தாள். எனக்குத் திருப்புளி போல இருந்தது என்று யாரிடம் சொல்வது.

படம் வெளியான அன்று மதியக் காட்சிக்கு அம்மா ஒரு வரிசையையே பிடித்துவிட்டாள். மாவு வாடிக்கைக்காரப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், சுள்ளிக்கல் அம்மாள் உள்பட. அப்பா டிவியில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நாயகி சுழன்றாள், பாய்ந்தாள், எல்லாம் நான்தான். அதை எல்லாம் அம்மா ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முகத்துக்காகக் காத்திருந்தாள். மறுபடி மின்சாரம் போகாதா என்று வேண்டிக்கொண்டேன். அந்தத் தியேட்டரில் மின்சாரம் போவதே இல்லை.

அந்த ஷாட் வந்தது. இசை நின்றது. கிடங்கு, வெளிச்சம், கலைந்து போகும் பெண்கள், ஒற்றைக் காலில் ஒருத்தி. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு நேரம், அவ்வளவு பேர், என்னைப் பார்த்தார்கள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இடைவேளை என்று எழுத்து வந்தது, விளக்குகள் எரிந்தன, ஜனங்கள் கைதட்டினார்கள்.

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். சுள்ளிக்கல் அம்மாள்தான் கேட்டாள், மகளைக் காணவில்லையே சேச்சி, இதற்கு முன்னால்தானே வரும் என்றீர்கள் என்று. எடிட்டிங்கைப் பற்றி அவள் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது அம்மா திரையைக் கையால் காட்டினாள்.

“அங்க நின்னுச்சே, அது இவதான். மூஞ்சி மட்டும் அந்தப் பொண்ணோடது.”

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், கண் இருக்கில்லே என்பாள். பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பின் வரிசையில் ஒருவன் போனோடு எட்டிப் பார்த்தான். தலையாட்டிவிட்டு வந்த அந்த அலுவலகம், அடுத்த படம், வேறு தொழில் தெரியுமா என்று கேட்ட டாக்டர், எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் வந்தது. ஆமாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“சும்மா சொன்னதாக்கும். இவளை இதுலயும் வெட்டிட்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சாரமில்லை சேச்சி, போனால் போகட்டும், அடுத்த படத்தில் வரும் என்று சுள்ளிக்கல் அம்மாள் அவள் தோளைத் தட்டினாள். அம்மா அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டாள். ஒரு கரண்டி மாவு குறைவாகப் போட்டுவிட்டதாக யாராவது சொன்னால் தெருவே கேட்க வாதாடுகிறவள். அவள் யாரிடமும் ஒரு சொல்லைத் திரும்ப வாங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. பாப்கார்ன் வாங்கப் போவது போல் எழுந்து போய் அழுதுவிட்டு, நம்பும்படியாக இருக்கட்டும் என்று பாப்கார்னும் வாங்கி வந்தேன்.

மறுபடி இருட்டியது. படம் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் காதருகே குனிந்தாள்.

“இனி எங்கயாவது உன் மூஞ்சி வருமா?”

“இல்லம்மா.”

“அப்ப எழுந்திரு.”

டிக்கெட் எடுத்த எதையும் பாதியில் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவள். வரிசை முழுக்க முழங்காலை மடக்கி எங்களுக்கு வழிவிட்டது. என்னவாயிற்று என்று கேட்டவர்களிடம் மாவு பொங்கி வழிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வெளியே நல்ல வெயில். தியேட்டர் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதிலும் அதே நிற்பு, அதே ஒற்றைக் கால், மேலே அந்தப் பெண்ணின் முகம். அம்மா அதன் எதிரே போய் நின்றாள். கழுத்துக்குக் கீழே மட்டும் நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதன் பக்கத்தில் போய் நின்று, போட்டோ எடுக்கச் சொன்னாள். நான் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இருவருமாகச் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் பக்கத்தில் போனேன். அவள் கையை நீட்டி என்னைத் தள்ளினாள்.

“நீ எதுக்கு? நீதான் இதுல இருக்கியே. தள்ளிப் போய் எடு.”

தள்ளிப் போய் எடுத்தேன்.